சத்திரப்பட்டித் துணியும் ஃபோலியின் குழாயும்

புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்தவரின் உடம்போடு இரண்டு பொருட்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று, வயிற்றுக் காயத்தின் மேல் மடித்து வைத்து ஒட்டிய காஸ் துணி. மற்றொன்று, சிறுநீர்ப் பாதை வழியாக உள்ளே போய், கட்டில் ஓரத்தில் தொங்கும் பையில் வந்து முடிகிற குழாய். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் அவரும் வீட்டாரும் கேட்கும் முதல் கேள்வி, "டியூபை என்னைக்கு எடுப்பீங்க?" என்பதுதான். துணியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அந்தக் குழாய், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வாழ்ந்த ஒரு மருத்துவரின் பெயரால் உலகெங்கும் அழைக்கப்படுகிறது. துணிக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. ஆனால் அதற்கு ஊர் உண்டு. இந்தியாவில் பேண்டேஜ், காஸ் துணி நெய்யும் ஊர்களை வரிசைப்படுத்தினால் முன்னால் வந்து நிற்பவை ராஜபாளையத்துக்குக் கிழக்கே இருக்கும் சத்திரப்பட்டியும், அதையொட்டிய சமுசிகாபுரம், அய்யனாபுரம், சங்கரபாண்டியபுரம் முதலான கிராமங்களும். குழாயும் துணியும் ஒரே பத்தாண்டில், ஒன்றையொன்று அறியாமல், தங்கள் இன்றைய வடிவத்தை நோக்கி நகர்ந்தன. அதிலும் ஒரு விசேஷம்: குழாயின் நுனியில் இருக்கும் பலூன், புராஸ்டேட் அறுவையில் துணி செய்துவந்த வேலையைத் தான் செய்வதற்காகவே பிறந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மேற்கே மலை, கிழக்கே கரிசல். 1910 வரை இந்த ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. அப்புறம் ராமநாதபுரத்தோடு சேர்ந்தது. 1985-ல் விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தது. எந்த மாவட்டத்தில் இருந்தாலும் இங்கே பருத்தி இருந்தது. வெள்ளைக்காரர்கள் காலத்தில் இந்தக் கரிசல் பருத்தி 'டின்னவெல்லி' என்ற பெயரில் கப்பலேறியது. இங்கே விளைந்த கருங்கண்ணிப் பருத்தியின் இழை குட்டையானது, முரடானது. மெல்லிய வேட்டிக்கு ஆசைப்படும் மில்காரர்கள் அதை அவ்வளவாக விரும்பமாட்டார்கள். ஆனால் காயத்தில் வைக்கும் பஞ்சுக்கு அந்த முரட்டு இழைதான் தோது. நனைந்தாலும் சப்பென்று படிந்துவிடாமல் ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அங்கிருந்து வெளியான ரகங்கள் ஊர்ப்பெயரின் சுருக்கத்தைச் சுமந்து 'எஸ்.வி.பி.ஆர்.' என்ற வரிசையில் விவசாயிகளிடம் போய்ச் சேர்ந்தன.

பருத்தியோடு தறியும் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர், சுந்தரபாண்டியம், புதுப்பட்டி, ராஜபாளையம், சத்திரப்பட்டி என்று இந்த வட்டாரம் முழுக்கத் தலைமுறை தலைமுறையாக நெசவாளர் குடும்பங்கள் வாழ்ந்துவந்தன. இல்லாமலிருந்தது மில் மட்டுமே. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். 1894-ல் பிறந்தவர். தொழில் என்றால் பட்டணத்துக்குப் போக வேண்டும் என்று இருந்த காலத்தில், மதுரைக்கும் தென்காசிக்கும் இடைப்பட்ட ஒரு சின்ன ஊரில் நூற்பாலை எழுப்பியவர். மூன்றே ஆண்டுகள் கழித்து, 1939-ல், ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் பதிவானது. அறுவை சிகிச்சைக்கான பஞ்சைத் தன் பெயரிலேயே தாங்கிய கம்பெனி. இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

நூற்பாலை ஒன்று பருத்தியிலிருந்து நல்ல நூலை எடுக்கும்போது குட்டை இழைகளைச் சீவித் தள்ளும். வேட்டிக்கும் சேலைக்கும் உதவாத அந்தச் சீவல் பஞ்சு, மருத்துவப் பஞ்சுக்கு முதல்தரக் கச்சாப்பொருள். ராமசாமி ராஜா இரண்டு மில்களையும் அடுத்தடுத்து நிறுவியதில் இருக்கும் பொருத்தம் இதிலிருந்து புரியும்.

பறித்த பருத்தியை அப்படியே தண்ணீரில் போட்டால் அது மிதக்கும். ஒவ்வொரு இழையின் மேலும் இயற்கையாகவே மெழுகு படிந்திருக்கிறது. ரத்தத்தையும் சீழையும் உறிஞ்ச வேண்டுமென்றால் அந்த மெழுகு போக வேண்டும். காஸ்டிக் சோடாவில் பல மணி நேரம் வேகவைத்து, பிறகு வெளுத்து, பிறகு அலசி அலசிக் காரத்தை நீக்குவது அதற்கான வழி. ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்து அறுவை மருத்துவர் விக்டர் ஃபான் ப்ருன்ஸ் இந்த உறிஞ்சும் பஞ்சை உருவாக்க, 1870-களில் ஹைடன்ஹைமைச் சேர்ந்த பால் ஹார்ட்மன் அதைத் தொழிற்சாலைப் பொருளாக்கினார். 1880-ல் பர்மிங்காமின் ஜோசப் சாம்சன் கேம்ஜி, இரண்டு காஸ் துணிகளுக்கு நடுவே பஞ்சை வைத்துக் கட்டும் முறையைக் கொண்டுவந்தார். அதற்குச் சற்று முன்புதான் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் காயத்தை மூடிக் கிருமிகளைத் தடுக்கலாம் என்று காட்டியிருந்தார். இன்றும் மருத்துவப் பஞ்சுக்கான முக்கியச் சோதனை மிக எளியது: தண்ணீரில் போட்டால் பத்து நொடிக்குள் மூழ்க வேண்டும்.

இனி புராஸ்டேட் பக்கம் போகலாம். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் பாதையைச் சுற்றிலும் அமைந்திருக்கும் சுரப்பி அது. வயதாக ஆகப் பருத்து, நடுவில் ஓடும் பாதையை நெரிக்கும். இந்த வீக்கம் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனால் சிறுநீர் அடியோடு நின்றுபோய் வேதனையில் துடித்த முதியவர்களைப் பழைய வைத்தியர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சித்த வைத்தியம் இதை நீரடைப்பு என்று வகைப்படுத்தி மருந்து சொன்னது. சுஸ்ருதர் பெயரிலுள்ள நூல் நெய் தடவிய குழாயை உள்ளே செலுத்தச் சொன்னது. சுரப்பியையே எடுத்துவிடும் துணிச்சல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது.

அந்தத் துணிச்சலோடு பெயர் சேர்ந்துபோனவர்களில் ஒருவருக்குக் கை பழகியது இந்தியாவில். பீட்டர் ஃபிரேயர் அயர்லாந்துக்காரர். 1875-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, வட இந்திய நகரங்களில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்தார். மூத்திரக் கல்லை உள்ளேயே நொறுக்கி எடுப்பதில் கைதேர்ந்தவர். ராம்பூர் நவாபுக்குக் கல் எடுத்ததற்குச் சன்மானமாக ஒரு லட்சம் ரூபாய் பெற்றார். அரசு அதை ஆட்சேபித்தது. இங்கிலாந்துக்குத் திரும்பியபின் 1900-ல், லண்டனில், அடிவயிற்றைத் திறந்து சிறுநீர்ப்பை வழியாக விரலாலேயே புராஸ்டேட் கட்டியைத் தோண்டி எடுத்தார். மறு ஆண்டு அதைப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். நியூயார்க்கின் யூஜின் ஃபுல்லர் தான் முன்பே செய்ததாகச் சண்டைக்கு வந்தார். அதில் நியாயமும் இருந்தது. ஆனால் உலகத்துக்கு அந்த அறுவையைப் பழக்கிக் கொடுத்தவர் ஃபிரேயரே.

இதெல்லாம் சாதாரண வீக்கத்துக்கு. புற்றுநோய் என்றால் கட்டியைத் தோண்டினால் மட்டும் போதாது. சுரப்பியை ஓட்டோடு, பக்கத்திலிருக்கும் விந்துப் பைகளோடு எடுத்துவிட்டு, சிறுநீர்ப்பையின் வாயைக் கீழே உள்ள பாதையோடு இணைத்துத் தைக்க வேண்டும். 1904 ஏப்ரலில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங் இதைச் செய்தார். வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற பெரிய மேதை அவருக்கு உதவியாளராக நின்றார்.

இரண்டு வகை அறுவையிலும் எதிரி ஒன்றே: ரத்தம். புராஸ்டேட்டைச் சுற்றிலும் ரத்தக்குழாய்ப் பின்னல். சுரப்பி போன குழியில் ஊறிக்கொண்டே இருக்கும் ரத்தத்தை நிறுத்த, தையலுக்கு எட்டாத ஆழத்தில், அன்றைய மருத்துவர்கள் பலருக்குத் தெரிந்த வழி காஸ் துணியை நாடாவாக வெட்டி அடைப்பதுதான். துணி அழுத்தும், ரத்தம் நிற்கும். சில நாள் கழித்து அதை உருவ வேண்டும். உறைந்த ரத்தத்தோடு ஒட்டிப்போன துணியை இழுக்கும்போது நோயாளிக்கு உயிர் போய் உயிர் வரும். சில சமயம் மறுபடியும் ரத்தம் பீறிடும். அழுக்கு ஏறினால் சீழ் வேறு. ஆன்டிபயாடிக் மருந்துகள் வராத காலம் அது. துணிக்குப் பதிலாக ரப்பர் பையை வைத்து ஊதி அழுத்திப் பார்த்தவர்களும் உண்டு.

அந்தப் பையையும் குழாயையும் ஒன்றாக்கியவர்தான் ஃபிரெடெரிக் ஃபோலி. மினசோட்டாவின் செயின்ட் பால் நகரத்துச் சிறுநீரியல் மருத்துவர். ரப்பர் பாலில் அச்சை முக்கி எடுத்து, குழாயும் நுனிப் பலூனும் ஒரே உடம்பாக வரும்படி செய்தார். 1937-ல் அவர் வெளியிட்ட கட்டுரை, புராஸ்டேட் அறுவைக்குப் பின் ரத்தத்தைக் கட்டுப்படுத்தவும் இடைவிடாமல் சிறுநீரை வடிக்கவும் இந்தக் குழாய் என்று தெளிவாகச் சொன்னது. பலூன் ஊதியதும் குழியை அழுத்தும். குழாயும் வெளியே நழுவாது. சிறுநீரும் போய்க்கொண்டிருக்கும். துணியால் முடியாதது இந்த மூன்றாவது வேலை. காப்புரிமைக்கு 1936-ல் அவர் விண்ணப்பித்தபோது, டேவோல் ரப்பர் கம்பெனியின் பால் ரெய்ச் சில மாதங்கள் முந்திக்கொண்டிருந்தார். வழக்கு நடந்தது, ஃபோலி தோற்றார். சட்டப்படி உரிமை போயிற்று, பெயர் மட்டும் நிலைத்தது.

ராஜபாளையத்தில் முதல் மில் எழுந்ததும், அட்லாண்டிக்குக்கு அப்பால் ஃபோலி விண்ணப்பம் போட்டதும் ஒரே 1936. பலூன் வந்ததால் துணிக்கு வேலை போய்விடும் என்று அன்று யாராவது கணக்குப் போட்டிருந்தால், அந்தக் கணக்கு தப்பாகியிருக்கும். 1945-ல் டெரன்ஸ் மில்லின், சிறுநீர்ப்பையைத் திறக்காமலே இடுப்பெலும்புக்குப் பின்னால் போய்ச் சுரப்பியை எடுக்கும் வழியைக் காட்டினார். 1982-ல் பேட்ரிக் வால்ஷ், சுரப்பியை ஒட்டி ஓடும் மெல்லிய நரம்புகளைக் காப்பாற்றிக்கொண்டே புற்றுநோய்ச் சுரப்பியை எடுத்தார். அந்த நரம்புகளின் தடத்தை லைடன் நகரத்து டோங்கரோடு சேர்ந்து அதற்கு முந்தைய ஆண்டில்தான் அவர் கண்டிருந்தார். அறுவை நுணுக்கமாக ஆக ஆக, குழியில் அடைக்கும் துணி குறைந்தது. ஒற்றி எடுக்கும் துணி கூடியது. கண்ணுக்கு நரம்பு தெரிய வேண்டுமென்றால் ரத்தம் இல்லாத களம் வேண்டும். அறுவை அரங்கில் 'மாப்' என்று சொல்கிற தடித்த காஸ் அடுக்குகள் அந்த வேலையைச் செய்தன. அவற்றில் எக்ஸ்ரேயில் தெரியும் நூல் ஒன்றைச் சேர்த்துத் தைக்கிறார்கள். உள்ளே மறந்துபோனால் கண்டுபிடிப்பதற்கு. தையல் போடுமுன் நர்ஸ் எண்ணிச் சொல்லும் கணக்கு ஒத்துவர வேண்டும் என்பது உலகப் பொது விதி.

சத்திரப்பட்டி வட்டாரத்து விசைத்தறிகள் இந்தத் தேவையின் மேல்தான் ஓடுகின்றன. சேலைத் துணிக்கு நெருக்கி அடித்துப் பழகிய நெசவாளருக்கு காஸ் துணி முதலில் விசித்திரமாகத்தான் இருந்திருக்கும். இங்கே இடைவெளிதான் தரம். பாவிலும் ஊடையிலும் அங்குலத்துக்கு இத்தனை இழை என்று கணக்கு உண்டு. கூடினாலும் தவறு, குறைந்தாலும் தவறு. அலங்காரம் கிடையாது, சாயம் கிடையாது, பார்டர் கிடையாது. தறியிலிருந்து இறங்கும் காடா துணி மங்கிய நிறத்தில், கஞ்சி விறைப்போடு இருக்கும். வேகவைத்து வெளுத்த பிறகுதான் அது மருந்தாகிறது. மருந்து என்பது அலங்காரப் பேச்சல்ல. 1945-ம் ஆண்டின் மருந்து விதிகளில் அறுவைத் துணிகளுக்கென்றே தனி அட்டவணை இருக்கிறது. இழை எண்ணிக்கை, எடை, உறிஞ்சும் தன்மை, மாசு எல்லாவற்றுக்கும் அளவு வைத்திருக்கிறது. மாத்திரை செய்பவரைப் போலவே இந்தத் துணியைத் தயாரித்து விற்பவரும் உரிமம் வாங்க வேண்டும்.

தறி ஓட்டுகிறவருக்கோ அது கூலி வேலை. நெய்த அளவுக்குத்தான் சம்பளம். கூலி உயர்வு ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் சத்திரப்பட்டியில் வேலைநிறுத்தமும் பேச்சுவார்த்தையும் செய்தியாகும். நூல் விலை ஏறினால் உற்பத்தியாளர் தவிப்பார். தறி நின்றால் தொழிலாளி வீட்டு அடுப்பு நிற்கும். ஒரு மீட்டர் காஸ் துணியின் விலையையும் அது போய்ச் சேரும் ஆஸ்பத்திரி பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்த நெசவாளர்களுக்கு நாடு எவ்வளவு குறைவாகக் கொடுக்கிறது என்பது நெஞ்சில் தைக்கும்.

இதே வட்டாரத்து முதியவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வந்தால் என்ன ஆகும்? ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு. பெரிய அறுவை என்றால் மதுரைக்கு வண்டி ஏற வேண்டும். 1940-ல் எர்ஸ்கின் ஆஸ்பத்திரியாகத் திறக்கப்பட்டு, பின்னால் ராஜாஜி பெயர் சூடிய பெரியாஸ்பத்திரிதான் பல தலைமுறைகளுக்குப் புகலிடம். இல்லையென்றால் திருநெல்வேலி ஹைகிரவுண்ட். 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதே ஆண்டு சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ரோபோ கருவி அறுவைக்கு வந்தது. 2009-லிருந்து நடப்பிலுள்ள அரசுக் காப்பீடு, கூலிக் குடும்பங்களுக்கும் பெரிய அறுவையின் கதவைத் திறந்துவிட்டது. இதையெல்லாம் மீறி நிற்கிற தடை கூச்சம். ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பதையும், நின்று நின்று வருவதையும் மகனிடம்கூடச் சொல்லாமல் வருஷக்கணக்கில் மறைக்கிற பெரியவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். புற்றுநோய் தொடக்கத்தில் அந்தத் தொந்தரவைக்கூடக் கொடுக்காமல் இருக்கும் என்பதுதான் இன்னும் மோசம்.

அறுவைக்குப் பின் டியூப் வழக்கமாக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் இருக்கும். புற்றுநோய் அறுவையில் அதன் வேலை வடிப்பது மட்டுமல்ல. சிறுநீர்ப்பையும் பாதையும் புதிதாகத் தைத்துச் சேர்க்கப்பட்ட இடத்துக்கு அது உள்சாரம். தையல் அதன் மேல்தான் கூடி வளர்கிறது. அதனால் அந்த நாட்களில் டியூப் தானாக நழுவிவிட்டால், பக்கத்துக் கிளினிக்கில் யாரையாவது கூப்பிட்டு மறுபடி செருகச் சொல்லக் கூடாது. அறுவை செய்த டாக்டரிடமே ஓட வேண்டும். கண்மூடித்தனமாகத் தள்ளினால் தையல் பிரிந்துபோகும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே இருக்க வேண்டும். குழாய் மடியாமல், இழுபடாமல் தொடையோடு ஒட்டியிருக்க வேண்டும். மூத்திரத்தில் லேசான சிவப்பு தெரிவது உண்டு; கட்டி கட்டியாக வந்தாலோ அடைத்துக்கொண்டாலோதான் அவசரம்.

எடுக்கிற நாளை நினைத்து இரண்டு வாரம் பயந்தவர்களுக்கு, எடுப்பது சில நொடி வேலை. பலூனில் இருக்கும் பத்து மில்லி அளவு தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டு, மூச்சை வெளியே விடச் சொல்லி, நர்ஸ் மெதுவாக இழுத்துவிடுவார். கொஞ்சம் எரியும். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, தானாக மூத்திரம் போகிறதா என்று பார்க்கும்வரை அங்கேயே இருக்கச் சொல்வார்கள்.

மனம் தளர்வது அதற்கப்புறம்தான். டியூப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்தவருக்கு, எழுந்து நின்றதும், இருமியதும், குனிந்ததும் சொட்டு விழும். பலருக்கு இது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இருக்கும். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் பெருமளவு சரியாகிவிடும். சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்படித் தசையை இறுக்கி, சில நொடி பிடித்து, விடும் பயிற்சியை இதற்குச் சொல்லித்தருகிறார்கள். 1948-ல் அர்னால்டு கேகல் பிரசவமான பெண்களுக்காக எழுதிய பயிற்சி, இன்று ஆண்களின் தினசரி வேலையாகியிருக்கிறது. அதுவரைக்கும் உள்ளாடையில் பேட் வேண்டும். கடையில் அதைக் கேட்டு வாங்கத் தயங்கி, வீட்டிலேயே பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. தோல் புண்ணாகிவிடும், பேட் வாங்குவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சில வாரங்கள் கழித்து எடுக்கும் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் புரதம்) ரத்தச் சோதனை, சுரப்பி முழுதாகப் போய்விட்டதா என்பதைச் சொல்லும். எண் அளவிட முடியாத அளவுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

ராஜபாளையம் வட்டாரத்துத் தொழிலுக்கு இப்போது வந்திருக்கும் சோதனை, ஃபோலியின் பலூனைவிடப் பெரியது. தறியே இல்லாமல், இழைகளை நீர்ப்பீச்சலால் பிணைத்துச் செய்யும் நெய்யாத் துணி, வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் காஸ் துணியின் இடத்தைப் பிடித்துவருகிறது. துளை வழி அறுவையிலும் ரோபோ அறுவையிலும் வெட்டு சிறியது, கட்டும் சிறியது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது பேண்டேஜுக்கும் காஸுக்கும் 12 சதவீத வரி விழுந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம் ஆனது. அந்த மிச்சத்தில் எத்தனை பைசா தறிக்காரரின் கூலிக்குப் போகிறது என்பதை, சத்திரப்பட்டியில் அடுத்த ஒப்பந்தப் பேச்சின்போது தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும். கேட்பதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது.